தேதி இல்லாத காவல்

தண்டையார்பேட்டையில் ‘குண்டாஸ்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தடுப்புக் காவல் சட்டம் ஒருவர்மேல் பாய்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது இங்கே பல வீடுகளுக்குப் பாடம். கமிஷனர் கையெழுத்திட்ட உத்தரவு வரும். ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். மூன்று வாரத்துக்குள் விஷயம் அறிவுரைக் கழகத்தின் முன் போக வேண்டும். போதுமான காரணம் இல்லை என்று கழகம் சொல்லிவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும். எல்லாமே அரசுக்குச் சாதகமாக முடிந்தாலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்க முடியாது. கடுமையான சட்டம்தான். ஆனாலும் பிள்ளை எப்போது வருவான் என்று அம்மா காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியும்.

அப்படி எந்தத் தேதியும் சொல்ல முடியாத ஒரு காவல் இதே தமிழ்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதன் பெயர் சிறப்பு முகாம். அதில் அடைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் உயிருக்குப் பயந்து இங்கே வந்த தமிழர்கள். அது எப்படி இயங்குகிறது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். புழல் காவாங்கரையிலும் கும்மிடிப்பூண்டியிலும் இருக்கும் அகதி முகாம்கள் வேறு, சிறப்பு முகாம் வேறு. காவாங்கரையில் இருப்பது குடும்பங்கள் வாழும் முகாம். 2021-இல் மாநில அரசு இவற்றுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, வீடு கட்டுவது உட்பட 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களை அறிவித்தது. அப்போதைய கணக்கின்படி தமிழகம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருந்தார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வெளியே வாழ்ந்தவர்கள் சுமார் 34 ஆயிரம் பேர். இந்த முகாம்களில் கணக்கெடுப்பு உண்டு, கியூ பிரிவு போலீஸின் கண்காணிப்பு உண்டு, வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். ஆனால் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம். முகாம் ஆண்களில் கணிசமானோர் பெயிண்டர்கள். சாரம் கட்டி நம் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவர்களில் அவர்களும் உண்டு.

சிறப்பு முகாமில் வாசலைத் தாண்ட முடியாது. திருச்சியில் அது மத்திய சிறை வளாகத்திலேயே இருக்கிறது. சுற்றிலும் மதில், வாசலில் ஆயுதம் ஏந்திய காவல். பார்க்க வருகிற உறவினர் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அரசு தரும் தினப்படியில் தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள்; சிறைக்கும் இதற்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஏறத்தாழ அவ்வளவுதான். நைஜீரியா, வங்கதேசம், பல்கேரியா என்று வேறு நாட்டுக்காரர்களும் அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள்.

ஒருவர் அங்கே எப்படிப் போய்ச் சேருகிறார்? வழக்கமான கதை இப்படி இருக்கும். முகாமில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர். டிகிரி முடித்திருப்பார். இந்தியக் குடியுரிமை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. கனடாவில் இருக்கும் அண்ணனிடம் போய்விடலாம் என்று ஏஜென்டிடம் பணம் கட்டுவார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் போலி பாஸ்போர்ட்டுடன் மாட்டுவார். வழக்கு, புழல் சிறை, பிறகு ஜாமீன். ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் வெளியே காத்திருப்பார்கள். சிறை வாசலிலேயே போலீஸார் இன்னொரு காகிதத்தை நீட்டுவார்கள்: மறு உத்தரவு வரும்வரை இன்னார் திருச்சி சிறப்பு முகாமில் வசிக்க வேண்டும். ஜாமீன் கொடுத்தது நீதிமன்றம். அதைச் செல்லாக் காசாக்கியது ஓர் அரசாணை. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, தண்டனை இல்லை. ஆனால் ஆள் வெளியே இல்லை.

இதற்கு அதிகாரம் தந்தது 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டினர் சட்டம், விடுதலைக்கு முன்பே வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்டது. அதன் மூன்றாவது பிரிவில் ஓர் உட்பிரிவு, அயல்நாட்டவர் ஒருவரை ‘குறிப்பிட்ட இடத்தில் வசிக்க’ உத்தரவிடலாம் என்றது. இன்னொரு உட்பிரிவு, அவரைக் கைது செய்து காவலில் வைக்கலாம் என்றது. தமிழ்நாடு அரசு பயன்படுத்தி வந்தது முதல் உட்பிரிவை. இது காவல் அல்ல, வசிக்கும் இடத்துக்கான கட்டுப்பாடு மட்டுமே என்பது அரசின் வாதம். சென்னை உயர் நீதிமன்றமும் 2003-இல் இந்த ஏற்பாட்டைச் சரி என்றது. விளைவு என்ன? காவல் என்றால்தானே காரணம் சொல்ல வேண்டும், கழகத்தின் முன் நிறுத்த வேண்டும், காலம் குறிக்க வேண்டும்? காவலே இல்லை என்று ஆகிவிட்டதால் இந்த மூன்றும் இல்லாமல் போயின. என்னைக் கேட்டால் அந்த வாதத்தில் நியாயம் இல்லை. பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறதா, உள்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தாலே காவலா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இந்த முகாம்கள் காரணமில்லாமல் முளைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில், ஈழப் போராளி இயக்கங்களில் ஒன்றான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.-இன் தலைவர் பத்மநாபாவும் அவருடன் இருந்தவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். போராளிகளையும் பொதுமக்களையும் பிரித்து வைக்க வேண்டும் என்று அரசு நினைத்ததை அந்தச் சூழலில் புரிந்துகொள்ள முடியும். வேலூர்க் கோட்டைக்குள் இருந்த சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பியபோது அரசின் பயம் இன்னும் கூடியது. ஆனால் இலங்கைப் போர் 2009 மே மாதம் முடிந்துவிட்டது. செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி என்று முகாம்களின் இடம்தான் மாறியது. பாஸ்போர்ட் வழக்கில் மாட்டிய இளைஞரையும் 1990-இன் பயத்தை வைத்தே இன்னும் அளக்கிறோம்.

ஒருவர் ஏன் ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கிறார் என்று பலர் கேட்கிறார்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை நாட்டைவிட்டுப் போக முடியாது. வழக்கோ நகராது. முடிந்தாலும் இலங்கைத் துணைத் தூதரகம் பயணச் சான்று தர வேண்டும், இங்கே வெளியேறும் அனுமதி கிடைக்க வேண்டும். சிலருக்கு அங்கே போவதே பயம். அந்தப் பயத்தில்தான் கடல் தாண்டி வந்தார்கள். போகவும் முடியாது, வெளியே இருக்கவும் முடியாது. 2021-இல் திருச்சி முகாமில் இருந்தவர்கள் தொடர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் அவர்களில் பலர் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ‘எங்களை விடுங்கள், இல்லையென்றால் எப்போது விடுவீர்கள் என்றாவது சொல்லுங்கள்’ என்பதுதான் அவர்களது கோரிக்கையின் சாரம்.

சாந்தனின் கதை எல்லோரும் அறிந்தது. ராஜீவ் கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவர். 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரும் இலங்கையைச் சேர்ந்த மற்ற மூவரும் சிறையிலிருந்து நேராகத் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் தாயைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. மனு மேல் மனுவாக ஓராண்டுக்கு மேல் போனது. கல்லீரல் செயலிழந்து சென்னை அரசு பொது மருத்துவமனையில் கிடந்தபோது ஊருக்குப் போக அனுமதி வந்தது. சில நாட்களில், 2024 பிப்ரவரி 28 அன்று, அவர் இறந்துபோனார். உடல்தான் ஊர் போனது. அவர் செய்ததாகச் சொல்லப்பட்டதைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். நீதிமன்றம் விடுதலை என்று சொன்ன பிறகு அவரை அடைத்து வைத்திருந்த அந்தப் பதினைந்து மாதங்களுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

அகதி என்ற நிலைக்கே இந்தியச் சட்டத்தில் தனி இடம் கிடையாது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உள்நாட்டிலும் அகதிகளுக்கென்று சட்டம் இல்லை. உயிருக்குப் பயந்து ஓடிவந்தவரும், விசா முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2022-இல் அங்கே பொருளாதாரம் சரிந்து, பால்மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் குழந்தைகளுடன் படகேறி வந்தவர்களையும் தொடக்கத்தில் கைது செய்து சிறைக்கே அனுப்பினார்கள். பிறகுதான் மண்டபம் முகாமில் இடம் கொடுத்தார்கள்.

2025 மே மாதம், தண்டனைக் காலம் முடிந்தும் முகாமில் வைக்கப்பட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களை ஏற்க இந்தியா தர்ம சத்திரம் இல்லை என்று அப்போது நீதிபதிகள் சொன்னது பரவலாகப் பேசப்பட்டது. அதே உச்ச நீதிமன்றம் அசாமில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. அங்கே வெளிநாட்டவர் என்று தீர்ப்பாயங்கள் அறிவித்த ஏராளமானோர் தடுப்பு முகாம்களில் கிடந்தார்கள். மூன்று ஆண்டு முடித்தவர்களைப் பிணையில் விடலாம் என்று 2019 மே மாதம் உத்தரவிட்டது. முகவரி தர வேண்டும், கைரேகையும் கருவிழிப் பதிவும் தர வேண்டும், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், மூன்று ஆண்டு இரண்டாகக் குறைந்தது. அப்படியானால் வெளியே விட்டுக் கண்காணிக்கும் வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. திருச்சியில் இருப்பவருக்கு மட்டும் அது ஏன் எட்டவில்லை?

வெளிநாட்டுக்குத் தப்பிய நம்மவர்கள் பட்டதும் குறைவில்லை. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவை நோக்கிப் புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் பழுதானது. அதிலிருந்த 89 இலங்கைத் தமிழர்களை பிரிட்டிஷ் கப்பல்கள் மீட்டு, டியாகோ கார்சியா தீவில் இறக்கின. அது அமெரிக்கப் போர் விமானங்கள் நிற்கும் ராணுவத் தளம். வேலி போட்ட சிறிய இடத்தில் கூடாரங்கள், குழந்தைகளும் அதற்குள்தான். கூடாரத்தில் எலிகள் குடும்பம் நடத்தின. காவலர் துணையில்லாமல் கடற்கரைக்குக்கூடப் போக முடியாது. உண்ணாவிரதம் இருந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் தரப்பு அங்கே சொன்னதும் நம் அரசு சொல்வதைப் போன்றதுதான்: இது காவல் இல்லை, அவர்களின் பாதுகாப்புக்கான ஏற்பாடு. வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் நீதிபதி மார்கரெட் ஓபியும் வழக்கறிஞர்களும் தீவுக்கே போய், முகாமை நேரில் பார்த்து, அங்கேயே விசாரித்தார்கள். டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று ஆண்டும் சட்டவிரோதக் காவல், பெயர் மட்டும்தான் சிறை இல்லை என்று நீதிபதி எழுதினார். அந்த மாதத் தொடக்கத்திலேயே பெரும்பாலானோர் பிரிட்டன் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையில் போய் இறங்கியபோது அவர்களும் சிறைகளில்தான் வைக்கப்பட்டார்கள். ஆனால் அப்போதைய கனடியச் சட்டப்படி 48 மணி நேரத்தில் ஒரு மறுஆய்வு, அடுத்த ஏழு நாளில் ஒன்று, பிறகு முப்பது நாளுக்கு ஒன்று. ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அரசு விடாப்பிடியாக எதிர்த்தும், பலர் சில மாதங்களில் வெளியே வந்தது இந்த மறுஆய்வால்தான். (2012-இல் இப்படிக் கூட்டமாக வருபவர்களுக்குச் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள்.) ஆஸ்திரேலியாவிலும், திருப்பி அனுப்ப வழியே இல்லாதவரைக் காலவரையின்றி அடைக்கக் கூடாது என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது, இருபது ஆண்டுகளாக இருந்த தன் பழைய தீர்ப்பையே அது மாற்றிக்கொண்டது.

இந்தியாவில் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1946-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்குள் இங்கே வந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று அதன்கீழ் ஓர் ஆணை விலக்குத் தந்திருக்கிறது. பெரிய ஆறுதல்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு விலக்கு இல்லை, யாருக்கும் குடியுரிமையும் இல்லை. கூடவே, மாநிலங்கள் தனித் தடுப்பு மையங்கள் அமைக்க வேண்டும் என்றும் புதிய விதிகள் சொல்கின்றன. அடைக்கும் இடம் கூடப் போகிறது. எத்தனை நாள் அடைக்கலாம் என்ற வரம்பு மட்டும் வரவில்லை.

இத்தனை காலமும் சிறப்பு முகாம் உத்தரவுகளைப் பிறப்பித்தது தமிழ்நாடு அரசு. அதனால் டெல்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. குண்டாஸில் இருப்பவருக்கு இருக்கிற அறிவுரைக் கழகம் போன்ற ஒன்றை, ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில், முகாமில் இருப்பவர்களுக்கும் அமைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெயரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜாமீன் பெற்றவரை அவருடைய குடும்பம் இருக்கும் முகாமுக்கே அனுப்பி, கையெழுத்துப் போட வைக்கலாம். மனம் இருந்தால் ஓர் அரசாணையில் முடிகிற வேலை.

உங்களுக்குத் தெரிந்த யாரையாவது சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோனால், முதலில் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேதியையும் எந்தப் பிரிவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். காவலில் இருப்பவர் என்ற முறையிலோ, வருமானம் குறைந்தவர் என்ற முறையிலோ இலவச வழக்கறிஞர் கேட்கலாம். அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் தரும் காப்பு குடிமக்களுக்கு மட்டும் உரியதில்லை. இந்த மண்ணில் இருக்கிற எல்லோருக்கும் அது உண்டு.