எந்தக் கேட்கும் கருவி நல்லது?

இலண்டனில் வாழும் என் பெரியும்மாவுக்குச் செவிப்புலன் குறைந்தபோது, அரச கருவியா தனியார் கருவியா என்ற கேள்வி எழுந்தது. விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

பிரித்தானிய தேசிய சுகாதார சேவை 1948 முதல் கேட்கும் கருவிகளை இலவசமாக இரவல் வழங்குகிறது. பற்றரியும் திருத்த வேலையும் இலவசம். ஆனால் பெரும்பாலும் காதின் பின்னால் அணியும் வகையே கிடைக்கும். தனியாரிடம் காதுக்குள் மறையும் சிறு கருவியையும் தெரிவு செய்யலாம். ஒரு சோடியின் விலையோ ஆயிரக்கணக்கான பவுண்களாகலாம்.

இரண்டுமே டிஜிட்டல் கருவிகள்தான். செவிப்புலன் பரிசோதனைக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்வதிலும், குறை தெரிந்தால் மீண்டும் சென்று சீர்செய்வதிலுமே பயன் தங்கியுள்ளது. ஆகவே இலவசக் கருவியைச் சில மாதங்கள் அணிந்து பார்த்து, போதாவிட்டால் தனியாரை நாடலாம். அங்கும் விலையைக் கேட்குமுன், "வாங்கிய பின் யார் பார்ப்பார்கள்?" என்று கேளுங்கள். எந்தக் கருவியானாலும் வுழூச் செய்யுமுன் கழற்றி வையுங்கள். ஈரம் அதற்குப் பகை.