சாய்தளமும் ஒரு வழிதான்

கனமான எண்ணெய்ப் பீப்பாயை லாரியில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் அதனை நேராகத் தூக்குவதில்லை. நீண்ட பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் உருட்டி ஏற்றுகிறார்கள். லாரியின் தளம் 1 மீட்டர் உயரம், பலகை 4 மீட்டர் நீளம் எனக் கொள்வோம். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பீப்பாயின் எடையில் நான்கில் ஒரு பங்கு விசையே போதும். ஆனால் செய்ய வேண்டிய வேலையின் அளவு குறைவதில்லை. தொலைவு கூடுகிறது, ஒரு நேரத்தில் செலுத்தும் விசை குறைகிறது.

பள்ளியிலிருந்து தொழிலுக்குச் செல்லும் ஏற்றமும் இத்தகையதே. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவுடன், ‘இனிப் பொறியியல் நமக்கு இல்லை’ என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். சிலர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்கிறார்கள். ஆண்டுகள் பல சென்றபின் கையில் தொழில் இருக்கும், சான்றிதழ் இராது. சான்றிதழ் கேட்கும் வேலைக்கு அவர்களால் விண்ணப்பிக்கவும் இயலாது.

இவர்களுக்குச் சாய்தளம் உண்டா? உண்டு. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு தேறியவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன் போன்ற பிரிவுகளில் 2 ஆண்டுகள் பயிலலாம். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். பத்தாம் வகுப்புக்குப் பின் 2 ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. அங்கு டிப்ளமா பெற்றவர் பி.இ. படிப்பிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இப்பொழுது கணக்குப் போடுவோம். மேல்நிலைப் பள்ளி வழியே சென்றால் 2 + 4 = 6 ஆண்டுகளில் பொறியாளர் ஆகலாம். ஐ.டி.ஐ. வழியே சென்றால் 2 + 2 + 3 = 7 ஆண்டுகள். வேறுபாடு ஓர் ஆண்டே! அது மட்டுமன்று. முதல் வழியில் பொறியியற் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தால் கையில் தொழிற்சான்று ஏதும் இராது. இரண்டாவது வழியிலோ, குடும்ப நிலை காரணமாக எந்தப் படியில் நின்றாலும் பிழைப்புக்கு ஒரு தொழில் உண்டு.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று, தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, தொழிற்சாலையில் மாத உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். 1955-இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் இப்பயிற்சி நடைபெறுகிறது. முடிவில் தேர்வெழுதித் தேறினால், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். இது ஐ.டி.ஐ. தரும் சான்றிதழினின்றும் வேறானது. ஆயினும், பயிற்சி அளித்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதையும் அறிந்திருங்கள்.

‘பட்டறைக்குப் போனால் படித்த இயற்பியல் வீண்தானே?’ என்று கேட்கலாம். ஆய்வகத்தில் நீங்கள் கம்பியின் விட்டம் அளந்த திருகு அளவியை நினைத்துப் பாருங்கள். அதன் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். டர்னர் தாம் கடைந்த தண்டினை அளப்பதும் அதே தத்துவத்தில் அமைந்த மைக்ரோமீட்டரால்தான். அதிலுள்ள திருகும், உருளையின்மேல் சுற்றிய சாய்தளமே!

ஆகவே, சேர்க்கைக்கு முன் பெற்றோருடன் அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். மூன்று கேள்விகளை மறவாமல் கேளுங்கள். இந்தப் பிரிவுக்குரிய சான்றிதழ் தேசிய அளவில் ஏற்கப்படுமா? பயிற்சிக் காலம் எத்தனை ஆண்டுகள்? முடித்தபின் பாலிடெக்னிக்கில் எந்தப் பிரிவில் சேரலாம்? தனியார் நிலையமாயின், பணம் கட்டுமுன் அங்கீகார ஆணையையும் காட்டச் சொல்லுங்கள்.