ஒரு சின்னக் கொக்கி, பெரிய வித்தியாசம்!



எங்கள் குழுவின் தீர்மானம் ஒன்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வங்கிக்குக் கொண்டு போனோம். அதைப் படித்த அதிகாரி, "இதுல ஒரே ஒரு உறுப்பினரோட சேமிப்புன்னு இருக்கே, யாரோடதும்மா?" என்று கேட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு பேர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமாச்சே! அவரே பேனாவை எடுத்து ஒரு சின்னக் குறியை இடம் மாற்றிப் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது. பிறகு, பத்தாவது படிக்கும் எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

அது என்ன குறி?

கால்புள்ளியைத் தூக்கி எழுத்தின் தலை உயரத்தில் வைத்தது போல இருக்கும். ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரஃபி என்பார்கள். வாயில் நுழையாததால் நாங்கள் 'கொக்கி' என்றே சொல்கிறோம்.

தமிழில் "அப்பாவுடைய பெயர்" என்று எழுதுகிறோம், "அப்பாவோட பேரு" என்று பேசுகிறோம். இந்த 'உடைய', 'ஓட' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் கொக்கியும் எஸ் எழுத்தும் சேர்ந்து செய்கின்றன. படிவங்களில் வரும் "ஃபாதர்ஸ் நேம்", "ஹஸ்பண்ட்ஸ் நேம்" இரண்டிலும் எஸ்ஸுக்கு முன்னால் கொக்கி இருக்க வேண்டும்.

எப்படி வந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'உடைய' என்பதற்குப் பல சொற்களின் முடிவில் இ, எஸ் என்று இரண்டு எழுத்து சேரும். நாளடைவில் இ தேய்ந்து போயிற்று. விட்டுப்போன எழுத்தைக் காட்டும் இந்தக் குறி 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு அதுவே 'உடைய' என்பதற்கு அடையாளமாக நிலைத்தது.

எங்கே போடுவது?

1. ஒருவருடையது என்றால்: பெயர், கொக்கி, எஸ். மெம்பர், கொக்கி, எஸ் என்று எழுதினால் ஒரு உறுப்பினருடையது.

2. எஸ்ஸில் முடியும் பன்மை என்றால்: எஸ், பிறகு கொக்கி. மெம்பர்ஸ் என்று முழுதாக எழுதிக் கடைசியில் கொக்கி போட்டால் எல்லா உறுப்பினர்களுடையதும். வாயால் சொல்லும்போது இரண்டும் "மெம்பர்ஸ்" என்றுதான் கேட்கும். எழுத்தில் மட்டுமே தெரியும். நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

3. விமன், சில்ட்ரன் போன்றவை எஸ் இல்லாமலே பன்மை. இவற்றுக்குக் கொக்கி போட்டு எஸ் சேர்த்தால் போதும். மார்ச் 8-ல் கொண்டாடும் "விமன்ஸ் டே"யில் என்னுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில் கொக்கி வரும். குழுவின் பெயர்ப் பலகையிலும் அப்படித்தான். எஸ்ஸுக்குப் பிறகு போட்டால் தப்பு.

எங்கே போடக் கூடாது?

வெறும் பன்மைக்குக் கொக்கி வேண்டாம். ஊறுகாய் லேபிளில் "பிக்கிள்ஸ்" என்றால் எஸ் மட்டும் போதும். "இட்ஸ்" என்ற சொல்லிலும் கவனம் தேவை. 'அதனுடைய' என்ற பொருளில் கொக்கி கிடையாது. 'இட் இஸ்' என்பதைச் சுருக்கினால்தான் கொக்கி.

ஒரு தாயின் பிடிவாதமா?

இல்லை, ஒரு மகளின் பிடிவாதம்! அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காகப் பாடுபட்டவர் ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி. 1914-ல் அந்நாட்டு அதிபர் உட்ரோ வில்சன் அதை முறைப்படி அறிவித்தார். "மதர்ஸ் டே"யில் கொக்கி எஸ்ஸுக்கு முன்னால்தான் வர வேண்டும் என்று ஜார்விஸ் சொன்னார். ஒவ்வொரு குடும்பமும் தன் ஒரே தாயைப் போற்றும் நாள் என்பது அவர் எண்ணம். ஒரு கொக்கிக்குள் எவ்வளவு அர்த்தம் பாருங்கள்!

"இங்கிலீஷ் நமக்கெதுக்கு?" என்று ஒதுங்க வேண்டாம் சகோதரிகளே. கையெழுத்துப் போடுமுன், பணம் யாருடையது என்று எழுதியிருக்கிறது என ஒரு தடவை பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் முத்திரை, லேபிள், படிவம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். கொக்கி சரியான இடத்தில் இருக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம்.