வெட்டும் முன்பு ஊரைக் கேள்!



சாலை வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். சரக்கு லாரி ஓட்டுபவன் நம்மவன். பேருந்துப் படியில் தொங்கிக்கொண்டு ஆலைக்குப் போகிறவன் நம்மவன். குறுகிய வழியிலே ஆம்புலன்ஸ் சிக்கிக்கொண்டால், உள்ளே கிடந்து துடிப்பவனும் பெரும்பாலும் நம்மவன்தான். ஆகவே நான்கு வழியாகட்டும், ஆறு வழியாகட்டும், சாலை அகலமாகிறதே என்று நாம் குமுறவில்லை.

குமுறல் வேறிடத்தில் இருக்கிறது. சாலையோர மரத்தின் பட்டையைச் சீவி, வண்ணம் அடித்து, எண் போட்டுவிட்டுப் போகிறார்களே, அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் ஊரார் அறிகிறார்கள், தங்கள் வாசலுக்கு என்ன வரப்போகிறது என்பதை! திட்டம் தீட்டியாயிற்று, வரைபடம் முடிந்தாயிற்று, ஒப்பந்தக்காரர் வந்தாயிற்று, ரம்பமும் வந்தாயிற்று. எல்லாம் வந்த பிறகு, கடைசியாக வருகிறது ஊராருக்குச் செய்தி. அப்போது எவனாவது வாயைத் திறந்தால், "முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறான்" என்று பட்டம் சூட்டுகிறார்கள்!

கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் இருந்துவிட்டு, வெட்டுகிற நேரத்திலே "ஏனப்பா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்?

'சாலை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இருமருங்கும் மரம் செறிந்த பெருவழி என்பது அதற்கு நம்மவர் கொண்ட பொருள்களில் ஒன்று. வெறும் கல்லும் தாரும் கொட்டிய இடமெல்லாம் சாலையாகிவிடாது என்று, சொல்லிலேயே நிழலைச் சேர்த்து வைத்தார்கள். அசோகன் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு, வழிநெடுக ஆலமரம் வைத்ததைக் கல்லிலே வெட்டி வைத்தான். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் பெயரைத் தென்பாண்டி மக்கள் இன்றும் ஒரு சாலையோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். மணிமுடி தரித்தவர்களுக்குக்கூட ஒன்று தெரிந்திருந்தது: நடப்பவனுக்கு நிழல் வேண்டும்!

அந்த நிழலின் சொந்தக்காரர் யார்? குளிர்சாதனக் காரிலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு நிழல் எதற்கு? வேப்பமரத்தடியிலே செருப்புத் தைக்கிறாரே தொழிலாளி, அவருக்கு வேண்டும். இளநீர் வெட்டுகிறவருக்கு வேண்டும். பஞ்சர் கடைக்காரருக்கு, பேருந்துக்குக் காத்து நிற்கும் கர்ப்பிணிக்கு, பையைச் சுமந்து வரும் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டும். சாலையோரப் புளியமரத்தை ஆண்டுதோறும் ஏலத்தில் விடுகிறார்களே, அந்தப் புளியை உலுக்கி, ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கூலி வாங்கும் தாய்மார்களுக்கு வேண்டும். கூரையில்லாதவனுக்குக் கூரை மரம்! கடையில்லாதவனுக்குக் கடை மரம்! அதை வெட்டும்போது, மரம் மட்டுமா சாய்கிறது?

"மரத்துக்கு உரிய விலையைக் கணக்கிட்டு விட்டோம்" என்பார்கள். என்ன விலை? விறகு விலை! ஏலத்திலே மரக்கடைக்காரர் கேட்கும் விலை! நூறாண்டு நின்ற மரத்தின் பெருமை, கடைசியில் எத்தனை டன் என்பதிலே முடிந்துவிடுகிறது.

இந்த விலைக் கேள்வி ஒருமுறை நாட்டின் உச்சநீதிமன்றம் வரைக்கும் போயிற்று. போனது வங்காளத்திலிருந்து. தமிழ்நாட்டுத் தொழிலாளி அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பேசப்பட்ட நீதி நாளை இங்கேயும் பேசப்படும்.

கல்கத்தாவிலிருந்து எல்லையைத் தாண்டி வங்கதேசத்து ஜெஸ்ஸூருக்குப் போகிறது ஒரு பழைய சாலை. ஜெஸ்ஸூர் சாலை என்றே பெயர். 1971இல் அகதிகள் குழந்தை குட்டிகளோடு சாரை சாரையாக வந்த வழி அது. இருபுறமும் குடை விரித்தாற்போல் பெரும் பெரும் மரங்கள்; பல, நாம் தூங்குமூஞ்சி மரம் என்கிறோமே, அந்த இனம். அந்தச் சாலையில் இரயில்பாதை குறுக்கிடும் இடங்களில் ஐந்து மேம்பாலங்கள் கட்டவும், சாலையை அகலப்படுத்தவும் திட்டம் வந்தது. மரங்கள் குறுக்கே நின்றன. மக்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்; வழக்கும் தொடுத்தார்கள். 356 மரங்களை வெட்டலாம், ஒன்றுக்கு ஐந்து கன்று நட வேண்டும் என்று 2018இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் கூறிற்று. வழக்கு டெல்லிக்குப் போயிற்று.

உச்சநீதிமன்றம் 2020இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து, "மரத்தின் மதிப்பு என்ன?" என்று கேட்டது. குழு கணக்குப் போட்டது. மரம் தரும் உயிர்க்காற்று, மண்ணுக்குத் தரும் உரம், பிற பயன்கள் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு மரத்தின் மதிப்பு அதன் வயதில் ஓர் ஆண்டுக்கு 74,500 ரூபாய் என்றது! நூறு வயது மரமென்றால் 74 லட்சத்து 50 ஆயிரம்! அங்கே நின்ற 300 மரங்களுக்குச் சுமார் 220 கோடி ரூபாய்! விறகுக் கணக்கு எங்கே, இந்தக் கணக்கு எங்கே?

முடிவு என்ன ஆயிற்று? 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் மரங்களை வெட்ட அனுமதி தந்துவிட்டது. இரயில் கேட்டுகளிலே போகிற உயிர்களை வாதமாக வைத்தார்கள். அந்த வாதத்தைச் சிறிது என்று நாம் தள்ளமாட்டோம். மனித உயிருக்கு மேலே மரமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 220 கோடி என்ற அந்தக் கணக்கு எப்போது வெளியே வந்தது? மேம்பாலம் எங்கே, எப்படி என்று முடிவு செய்து பல காலம் ஆன பிறகு! சாதாரண மக்கள் நீதிமன்றப் படியேறிய பிறகு! வரைபடத்தின் மீது பென்சிலை வைத்த முதல் நாளே இந்தத் தொகை எஞ்சினீயரின் கண்முன் இருந்திருந்தால், கோடு கொஞ்சம் வளைந்திருக்காதா? பாலம் பத்தடி தள்ளிப் போயிருக்காதா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

"வெட்டினால் என்ன? ஒன்றுக்குப் பத்தாக நட்டுவிடுவோம்" என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. 2015இல் மத்திய சர்க்கார் நெடுஞ்சாலைப் பசுமைக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டு, திட்டச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கை மரம் வளர்ப்புக்கு ஒதுக்கச் சொன்னது. நல்ல கொள்கைதான். ஆனால், நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? மூன்றாம் ஆண்டு போய் எண்ணிப் பார்த்தவர் யார்? நான்குவழிச் சாலையின் நடுத்திட்டைப் பாருங்கள்: அரளி பூத்துக் குலுங்குகிறது. எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் தடுக்கும், ஆடுமாடு மேயாது, அழகாகவும் இருக்கும். ஆனால் அரளிச் செடியின் நிழலில் எவன் உட்கார முடியும்? மரம் போன இடத்துக்கு மரம் வரவேண்டும். அதே ஊருக்கு வரவேண்டும். கெடிலத்துக் கரையில் வெட்டிவிட்டு, காவிரிக் கரையில் நட்டோம் என்று கணக்குக் காட்டினால், கெடிலத்தான் வெயிலுக்கு எங்கே போவான்?

இனி, இரைச்சல். மரத்துக்காவது பேச நாலு பேர் இருக்கிறார்கள். காதுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும். ஒற்றை வரிசை மரம் பெரிதாக இரைச்சலைத் தடுத்துவிடாது. அதற்கு அடர்ந்த தோப்பு வேண்டும். மரம் போனதால் மட்டும் ஓசை பெருகவில்லை. சாலை அகலும்போது ஓடுபாதை உங்கள் சன்னலுக்கு அருகில் வருகிறது. வண்டிகளின் வேகமும் கூடுகிறது. ஓயாமல் வண்டி ஓடும் சாலைக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம் பாதியானால், ஓசை சுமார் 3 டெசிபல் ஏறும். "மூன்றுதானே" என்று எண்ணிவிடாதீர்கள்! அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் எவ்வளவோ, அவ்வளவு அது!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதி என்று அறிவிக்கலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. சாலை இரைச்சல் இரவில் 45 டெசிபலைத் தாண்டினால் தூக்கம் கெடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்கு 2018இல் எச்சரித்தது. ஐரோப்பியன் காதுக்கு ஒரு நீதி, ஆண்டிப்பட்டிக்காரன் காதுக்கு வேறு நீதியா? இரவு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து பகலில் கண்ணயரும் தொழிலாளியை எண்ணுங்கள். தூக்கம் கெட்டவன் மறுநாள் இயந்திரத்தின் முன்னே நிற்கிறான். விரல் போனால் யார் பொறுப்பு?

"இரைச்சலைத் தடுக்க முடியாதே!" என்பார்கள். முடியும் என்று அவர்களே காட்டியிருக்கிறார்கள். நம் கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடுகிறதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அதே சாலை வடக்கே நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையில் பெஞ்ச் புலிகள் காட்டைக் கடக்கிறது. அங்கே அகலப்படுத்தும்போது எதிர்ப்பு எழுந்தது, வழக்கு நடந்தது. அதன் பிறகு, விலங்குகள் கீழே நடந்துபோகச் சாலையை உயர்த்தினார்கள். வண்டியின் ஓசையும் ஒளியும் காட்டுக்குள் பாயாதிருக்க, ஓரங்களில் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பாராட்டுகிறோம்! புலி நிம்மதியாக உறங்கட்டும். அதே சாலையின் ஓரத்திலே, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர், பிரசவ விடுதிக்கு ஒரு சுவர் எழுப்பக் கூடாதா? புலிக்குச் செய்ததை மனிதனுக்குச் செய் என்று கேட்பது பேராசையா?

ஏன் செய்யவில்லை? கேட்கும் இடத்திலே நம்மை நிறுத்தவில்லை. நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற விதி, முன்பு 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களைத் தொட்டது. 2013இல் அந்த எல்லையை 100 கிலோமீட்டர் என்று உயர்த்திவிட்டார்கள். 99 கிலோமீட்டர் என்றால், அந்த அனுமதியும் இல்லை. அதையொட்டி வரும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் இல்லை! 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்க அறிவிப்பு வந்த 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லக்கூடியவர், அந்த நிலத்தில் உரிமை உடையவர். நிலமில்லாதவன்? குடிக்கூலிக்கு இருப்பவன்? மரத்தடியில் கடை வைத்தவன்? பட்டா இல்லாதவனுக்குக் காது இல்லையா, தூக்கம் இல்லையா, வெயில் சுடாதா?

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. மரத்துக்கு எண் போடும் முன்பு, வரைபடத்தை ஊர்ச் சாவடியிலே தமிழில் எழுதி ஒட்டு. ஒவ்வொரு மரத்துக்கும் வயதைக் குறித்து மதிப்பைத் திட்டச் செலவிலே சேர். தப்ப வைக்கக் கூடிய மரத்துக்காகக் கோட்டை வளை. வெட்டியே ஆகவேண்டும் என்றால், அதே ஊரிலே நட்டு, ஐந்தாண்டு காத்து, உயிரோடு நிற்பதை எண்ணிக் காட்டிய பிறகு ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் முன்னே ஒலித்தடுப்பு எழுப்பு. இவ்வளவுதான்!

தோழர்களே, கேட்கும் வழிகளும் நம் கையில் உண்டு. அரசு நிலத்து மரத்தை வெட்டுவது பற்றி ஆராய, மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு தமிழ்நாட்டில் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே மனுக் கொடுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எத்தனை மரம், என்ன மதிப்பு, எங்கே நடப்போகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாகவேண்டும். கிராம சபையிலே தீர்மானம் போடுங்கள். சுவரொட்டி ஒட்டத் தெரிந்த கைகளுக்கு மனு எழுதத் தெரியாதா? கூட்டம் கூட்டத் தெரிந்தவர்களுக்கு, கிராம சபையைக் கூட்டத் தெரியாதா?

ரம்பம் வந்த பிறகு ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொள்வது வீரம்தான். வரைபடம் மேசையில் இருக்கும்போதே போய், "ஊரைக் கேட்டாயா?" என்று கேட்பது அதைவிடப் பெரிய வீரம். மரத்தையும் அதுதான் காப்பாற்றும். நம் வீட்டுப் பிள்ளையின் உறக்கத்தையும் அதுதான் காப்பாற்றும்.

இன்றே கேளுங்கள். எண் போடும் ஆள் வந்த பிறகு அல்ல, இன்றே!