தொப்பம்பட்டிப் பிள்ளையின் பட்டத்துக்குப் பணம் கொடுப்பது யார்?

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டிக்கு 2021இல் ஒரு கலை அறிவியல் கல்லூரி அறிவிக்கப்பட்டது. அதைக் கொண்டுவந்தது உயர்கல்வித் துறை இல்லை, இந்து சமய அறநிலையத் துறை. பணம் பழனி தண்டாயுதபாணி கோயிலுடையது. சென்னை கொளத்தூர், திருச்செங்கோடு, விளாத்திகுளம் ஆகிய ஊர்களுக்கும் அதே நேரத்தில் இதே வகையில் கல்லூரிகள் வந்தன. கோயில் பணத்தில் கல்லூரி நடத்தலாமா என்று வழக்கு போட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இந்த நான்கு கல்லூரிகளும் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நடக்கலாம், இந்து சமய வகுப்பும் அங்கே இருக்க வேண்டும், நீதிமன்ற அனுமதியில்லாமல் இதற்கு மேல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்றது.

பழனிக் கோயிலுக்குக் கல்லூரி நடத்துவது புதிதல்ல. 1960இல் அருள்மிகு பழனியாண்டவர் கலைக் கல்லூரியையும் 1970இல் பெண்கள் கல்லூரியையும் தொடங்கியது. ஒட்டன்சத்திரம், கீரனூர், கள்ளிமந்தையம் பக்கத்து வீடுகளில் முதல் பட்டதாரி யார் என்று விசாரித்தால் அநேகமாக அந்த இரண்டு கல்லூரிகளின் பெயர் வரும். கோயில் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், மானாவாரி நிலமும் கிணற்றுப் பாசனமும் நம்பியிருக்கும் ஓர் ஒன்றியத்துக்கு உயர்கல்வி வர உண்டியல் பணம் வேண்டியிருக்கிறது என்றால், அரசு இதற்கென்றே வைத்திருக்கும் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று கேட்டாக வேண்டும். அந்த ஏற்பாட்டின் நடுவில் இருப்பது மாநிலப் பல்கலைக்கழகம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிள்ளை படிப்பது கல்லூரியில். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பாடத்திட்டம், கேள்வித்தாள், ஹால் டிக்கெட், மார்க் ஷீட், கன்வொகேஷன் எல்லாம் பல்கலைக்கழகத்தின் வேலை. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். அப்போதும் பட்டச் சான்றிதழில் இருப்பது பல்கலைக்கழகத்தின் முத்திரைதான். திண்டுக்கல் மாவட்டத்தில் பல கல்லூரிகளுக்கு அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பெண்கள் கல்லூரிகள் பலவற்றுக்குக் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். சின்னாளப்பட்டி பக்கம் இருக்கும் காந்திகிராமம் வேறு வகை. 1956இல் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய அந்த நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதற்குப் பணம் மத்திய அரசிலிருந்து வருகிறது.

பணம் வரும் வழியும் இடத்துக்கு இடம் மாறும். அரசுக் கல்லூரிப் பேராசிரியருக்கு அரசுக் கருவூலமே நேராகச் சம்பளம் போடுகிறது. அரசு உதவி பெறும் கல்லூரியில், அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்குக் கல்லூரிக் கல்வி இயக்ககம் வழியாகச் சம்பளம் வருகிறது. பல்கலைக்கழகத்துக்கு அப்படி இல்லை. அரசு ஆண்டுதோறும் ஒரு தொகுப்பு நிதி கொடுக்கும். அதோடு தேர்வுக் கட்டணம், கல்லூரிகள் கட்டும் இணைப்புக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், தொலைநிலைக் கல்வி வருமானம், ஆராய்ச்சித் திட்ட நிதி எல்லாவற்றையும் சேர்த்துப் பல்கலைக்கழகமே சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், ஆய்வகம் எல்லாவற்றையும் சமாளித்துக்கொள்ள வேண்டும். அரசுக் கல்லூரியில் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது, பல்கலைக்கழகத்தில் ஏன் நின்றுபோகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 1956இலிருந்து சட்டபூர்வ அமைப்பாக இருக்கிறது. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களின் மாதச் சம்பளத்தை அது சுமப்பதில்லை. திட்டங்களுக்கும் வளர்ச்சிப் பணிகளுக்கும்தான் அதன் உதவி. அரசியலமைப்புப்படி, மத்தியப் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர மற்ற பல்கலைக்கழகங்களை உருவாக்கும் அதிகாரம் மாநிலத்துடையது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. கல்வி 1976இல் பொதுப் பட்டியலுக்குப் போனது. விதி டெல்லியில், செலவு சென்னையில் என்று ஆகிவிட்டது.

சரி, இவ்வளவு செலவு எதற்கு? படிக்கிறவரே பணம் கட்டிப் படித்தால் போகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய் முருங்கைக் கட்டுகளைக் காட்ட வேண்டும்.

இந்தப் பக்கம் முன்பு முருங்கை என்றால் போத்து வெட்டி நட்டு மரமாக்குவதுதான். பெரியகுளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட பி.கே.எம். 1 ரகம் விதை ஊன்றி வளர்ப்பது. ஆறேழு மாதத்தில் காய் பறிக்கலாம். காய் ஏறத்தாழ இரண்டடி நீளம் இருக்கும், ஒரே சீராகக் காய்ப்பதால் கட்டுக் கட்டுவது சுலபம். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து விட்டால் மறுதாம்பாகத் திரும்பத் தழைத்து இன்னும் ஓரிரு ஆண்டு காய்க்கும். தண்ணீர் குறைந்த காட்டில் ஒரு குடும்பம் ஆண்டுக்குள் காசு பார்க்க வழிசெய்த ரகம் இது. செடிமுருங்கை என்று இன்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வெளிமாநிலத்துக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிருக்கிறது. விதையை எடுத்துவைத்து அடுத்த ஆண்டு விதைக்கும் விவசாயி பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. கட்டவும் கூடாது. இந்த ஆராய்ச்சிக்கான செலவை எந்த மாணவரின் கட்டணத்தில் சேர்ப்பீர்கள்? பெரியகுளத்தில் பி.எஸ்சி. தோட்டக்கலை படித்த பிள்ளையின் தலையிலா? பயன் ஊர் முழுக்கப் பரவும்போது செலவையும் ஊர்தான் ஏற்க வேண்டும். ஊர்ப் பணம் என்பது வரி, அதைக் கொண்டுவந்து சேர்க்கும் குழாய்தான் அரசு மானியம்.

வகுப்பறைக்கும் இதே கணக்குதான். அரசுக் கல்லூரியிலும் உதவி பெறும் கல்லூரியிலும் இளநிலைப் படிப்புக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவருக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை 2010இலிருந்து உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4. இந்த இடைவெளி தானாக வரவில்லை. பக்கத்திலேயே கல்லூரி, குறைந்த கட்டணம், 69 சதவீத இட ஒதுக்கீடு, பஸ் பாஸ் என்று அரசு செலவழித்துத்தான் வந்தது.

அப்படியானால் சிக்கல் எங்கே? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொன்னால் விளங்கும்.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் என்று தொடங்கியது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். 1978இல் காமராசர் பெயர் சேர்ந்தது. தெற்கே கன்னியாகுமரி வரைக்கும் கல்லூரிகள் இதன்கீழ் இருந்தன. 1971இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கி, வேலைக்குப் போய்க்கொண்டே டிகிரி வாங்க நினைத்த பல லட்சம் பேருக்கு வழிவிட்டது. உயிரித்தொழில்நுட்பம் இந்தியாவில் புதிதாக வந்த 1980களில் அதைக் கற்பிக்க முன்வந்த முதல் சில பல்கலைக்கழகங்களில் ஒன்று இது. இவ்வளவு பெயரெடுத்த இடம்.

பிறகு ஒவ்வொன்றாக வரவு குறைந்தது. 1984இல் அன்னை தெரசா பல்கலைக்கழகம் வந்தது, நாளடைவில் பெண்கள் கல்லூரிகள் பல அதன்கீழ் போயின. 1985இல் காரைக்குடியில் அழகப்பா வந்தது. 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் வந்து நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. ஊருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் வருவது மாணவருக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கல்லூரி போனால் இணைப்புக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போகும். ஓய்வுபெற்றவரின் ஓய்வூதியமோ பழைய பல்கலைக்கழகத்திடமே நிற்கும். அந்த ஓட்டையைத் தொலைநிலைக் கல்வி வருமானத்தால் அடைத்து ஓட்டினார்கள். 2013இல் மானியக் குழு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று கறாராகச் சொன்னது. வெளிமாநில மாணவர் வரவு வற்றியது. இன்னொரு பக்கம், அனுமதி இல்லாமல் செய்த நியமனங்கள், கணக்கு காட்டாத முன்பணங்கள் போன்றவற்றுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தடை எழுப்பினால் அதைக் காட்டி அரசு மானியத்தில் பிடித்தம் செய்யும். பிடித்தம் செய்ததும் பள்ளம் இன்னும் ஆழமாகும். கடைசியில், சில ஆண்டுகளாகச் சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமாகி, ஆசிரியர்களும் அலுவலர்களும் வயதான ஓய்வூதியர்களும் வாசலில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது.

தணிக்கைத் தடைகளை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தப்பான நியமனம் தப்புதான், அதைச் செய்தவரிடம் வசூலிக்க வேண்டும். ஆனால் மானியத்தைப் பிடித்து வைத்தால் தண்டனை அவருக்குப் போவதில்லை. ரிசல்ட் தாமதமாகும் மாணவருக்கும், மருந்துக் கடையில் கடன் சொல்லும் ஓய்வூதியருக்கும்தான் போகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 1857இல் தொடங்கிய, தென்னாட்டின் தாய்ப் பல்கலைக்கழகம் அது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கேட்ட வரி 424 கோடி ரூபாய். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி என்று தோன்றும். சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரு கல்வி நிறுவனத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசு கொடுத்த பணமாக இருந்தால், அது அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்று இந்தப் பிரிவில் வரிவிலக்கு உண்டு. பாதிக்குக் கீழே போய்விட்டால் அந்த விலக்கு தானாகக் கிடைக்காது. அரசு மானியம் குறைந்ததால், சொந்தக் கட்டண வருமானத்தை நம்பி ஓடிய பல்கலைக்கழகம் சட்டத்தின் கண்ணில் அரசு நிறுவனமாகவே இல்லாமல் போய்விட்டது. மாநில அரசு கொடுக்காமல் விட்ட பணத்துக்காக மத்திய அரசு வரி கேட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது பல்கலைக்கழகம்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பணமில்லாமல் திண்டாடியபோது, 2013இல் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொண்டது. மனம் வைத்தால் அரசால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பணம் குறைந்தால் முதலில் விழுவது ஆசிரியர் பணியிடம். ஓய்வுபெற்றவர் இடத்தில் நிரந்தர ஆளைப் போடாமல் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுவார்கள். அவருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் 2024இல்தான் அது 25,000 ஆனது. கோடை விடுமுறைக்குச் சம்பளமும் கிடையாது. முனைவர் பட்டம் வாங்கி, நெட் தேர்வும் எழுதி முடித்தவர் இந்தப் பணத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்பது நியாயமில்லாத எதிர்பார்ப்பு.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. ஓய்வூதியத்தைப் பல்கலைக்கழகத்தின் தலையிலிருந்து இறக்கி, அரசு ஊழியருக்குப் போல் கருவூலம் ஏற்க வேண்டும். அனுமதித்த பணியிடங்களுக்கான சம்பளம் முழுவதும் மானியமாக வர வேண்டும், தணிக்கைத் தகராறு எதுவானாலும் அதில் கை வைக்கக் கூடாது. தேர்வுக் கட்டணத்தைத் தேர்வுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும். அரியர் எழுதும் பிள்ளையிடம் வாங்கிய காசில் பேராசிரியருக்கு ஓய்வூதியம் கொடுப்பது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

இதெல்லாம் நம் கைக்கு எட்டாத விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் உயர்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை வருகிறது. அதன் எண் 20. கூடவே தமிழில் கொள்கை விளக்கக் குறிப்பு அச்சிட்டுக் கொடுக்கிறார்கள், அரசின் இணையதளத்திலும் போடுகிறார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் எவ்வளவு ஒதுக்கீடு என்பதை அங்கே தேடுங்கள். ஒதுக்கியதில் எவ்வளவு உண்மையில் போய்ச் சேர்ந்தது என்பதற்கு, 10 ரூபாய் கட்டணத்தில் பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போடலாம். மூன்று கேள்வி போதும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் அரசு மானியம் எவ்வளவு, மொத்த வரவில் அது எத்தனை சதவீதம், அனுமதித்த ஆசிரியர் பணியிடங்களில் எத்தனை காலி. பதில் வந்ததும் அதன் நகலை ஒட்டன்சத்திரம் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கொடுத்து, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.