சிற்றலை வானொலி வாங்கப் போகிறீர்களா?

இஷாத் தொழுகை முடித்து வந்ததும் வானொலிப் பெட்டியைத் திண்ணைக்குக் கொண்டுவந்து, ஏரியலை நீட்டி, லண்டன் செய்திக்காகக் காத்திருந்த பெரியவர்களை நம் ஊர்களில் அறியாதவர் யார்? சபுராளி மகன் விடுமுறையில் கொண்டுவந்த பெட்டி அது. அண்டை வீட்டாரும் வந்தமர்ந்து கேட்பார்கள். கண் பார்வை மங்கிய முதியவருக்கு உலகைக் காட்டிய சாளரமும் அதுவே.

அந்தப் பெட்டி ஒரு நாள் இரைச்சலை மட்டுமே தருகிறது. "வாப்பாவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுப்போம்" என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆயினும், பணத்தை எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எந்தப் பெட்டி?' என்பதன்று, 'எந்த நிலையம்?' என்பதே.

எதைக் கேட்கப் போகிறோம்?

1941இல் தொடங்கிய பிபிசியின் தமிழ் வானொலி ஒலிபரப்பு, 2017 ஏப்ரல் 30உடன் நிறைவுற்றது. ஆஸ்திரேலிய வானொலி அதே ஆண்டு ஜனவரியில் சிற்றலையைக் கைவிட்டது. மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியும் 2018இல் சிற்றலையை விட்டு அகன்றது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் நின்றுபோன குரலை மீட்டுத் தராது. இதைப் பெரியவரிடம் முன்னரே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல், தம் காதுதான் பழுதாகிவிட்டதோ என அவர் வருந்துவார்.

பிபிசியின் ஆங்கில உலகச் சேவை, சீன வானொலி போன்றவை இன்றும் சிற்றலையில் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்பவருக்குச் சிற்றலைப் பெட்டி பயன் தரும். தமிழ்ச் செய்தி மட்டும் போதும் என்பவருக்கு, மத்திய அலையும் பண்பலையும் தெளிவாக எடுக்கும் எளிய பெட்டியே போதுமானது.

புதிய பெட்டி

பெட்டியின் மேல் '12 பேண்டு', '16 பேண்டு' என அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. பேண்டுகளின் எண்ணிக்கை தரத்தைக் காட்டாது. முள் நகரும் மலிவான பெட்டிகள் பலவற்றில் வலிமையான ஒரு நிலையம், தன் இடத்தில் மட்டுமன்றி 910 கிலோ ஹெர்ட்ஸ் கீழேயும் கேட்கும். அங்குள்ள மெல்லிய நிலையத்தை அமுக்கிவிடும். அலைவரிசையை எண்ணில் காட்டி, விசைப்பலகையில் நேரடியாக அழுத்த வழி தரும் பெட்டியே முதியவர்களுக்கு உகந்தது. பிடித்த நிலையங்களை அதன் நினைவகத்தில் பதித்தும் வைக்கலாம்.

மத்திய அலையில் நம் நாட்டு நிலையங்கள் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் அது 10. இரண்டுக்கும் மாற்றும் வசதி உண்டா எனப் பாருங்கள். பேட்டரியையும் கவனியுங்கள். டெக்சன் பிஎல்-660 நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கும். தெருமுனைக் கடையிலேயே அவை கிடைக்கும். சிறிய பிஎல்-330க்குப் பழைய நோக்கியா கைப்பேசியில் இருந்த வகைத் தட்டைப் பேட்டரி வேண்டும்.

பழைய பெட்டி

ஜப்பானியத் தயாரிப்பான பழைய சோனி, பானாசோனிக் பெட்டிகள் இன்றும் கைமாறுகின்றன. உழைப்பில் குறைவில்லாதவை, ஆனால், பார்க்காமல் வாங்கலாகாது.

1. பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரி நீர் கசிந்திருக்கிறது, உள்ளேயும் அரித்திருக்கலாம்.

2. ஒலியைக் கூட்டிக் குறையுங்கள். இலேசான கரகரப்பு, துடைத்தால் தீரும். ஒலி அறவே விட்டு விட்டு வந்தால் வேண்டா.

3. ஒவ்வொரு பொத்தானையும் அழுத்துங்கள். எண்கள் முழுமையாகத் தெரிகின்றனவா எனப் பாருங்கள்.

4. பண்பலை மட்டும் கேட்டுவிட்டுத் திருப்தியடையாதீர்கள். சோனி ஐசிஎப்-2010 பெட்டியில், ஏரியல் வழியே பாயும் நிலைமின்சாரம் முன்பகுதி டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடுவதுண்டு. அப்போது பண்பலை நன்றாகப் பாடும், சிற்றலை ஊமையாகிவிடும்.

5. சோனி ஐசிஎப்-எஸ்டபிள்யூ100இல் மூடியைத் திறந்து மூடும் இடத்திலுள்ள மெல்லிய இணைப்பு நாடா அறுந்துபோவது பலரும் கண்ட குறை. மூடியை ஆட்டிப் பாருங்கள்.

6. சவூதியில் முன்பு வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் வழங்கப்பட்டது. அங்கிருந்து வந்த பெட்டியின் வோல்டேஜ் மாற்றியை நம் 230 வோல்ட்டுக்கு ஏற்ப வைக்காமல் செருகினால், ஒரு நொடியில் பெட்டி கருகிவிடும்.

வீட்டிலேயே இருக்கும் பகைவன்

பெட்டியைக் குறை கூறும் முன் வீட்டைக் கவனியுங்கள். எல்இடி விளக்கு, கைப்பேசி சார்ஜர், மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவை சிற்றலையில் பெரும் இரைச்சலைக் கிளப்புகின்றன. அவற்றை அணைத்துவிட்டு, பெட்டியைப் பேட்டரியில் இயக்கி, மாடியிலோ சன்னலோரத்திலோ வைத்துக் கேளுங்கள். ஐந்தாறு மீட்டர் கம்பியை ஏரியலுடன் கோத்தால் மெல்லிய நிலையமும் எழும்பும். இடி மின்னல் வேளையில் அக்கம்பியைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

நேரமும் முக்கியம். சிற்றலை, வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவது. பகலில் 15, 17 மெகா ஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைவரிசைகளும், இரவில் 6, 7, 9 மெகா ஹெர்ட்ஸ் போன்றவையும் நன்கு எடுக்கும். கடையில் பகலில் 6 மெகா ஹெர்ட்ஸைத் திருப்பிப் பார்த்து, 'பெட்டி சரியில்லை' எனத் தீர்ப்பளிப்பது தவறு.

ஆகவே, வாப்பாவின் பழைய பெட்டிக்கு முதலில் புதிய பேட்டரி போட்டு, விளக்குகளை அணைத்து, ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். அதுவே பேசத் தொடங்கினால் செலவு மிச்சம். புதிதே வாங்கினாலும், பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். ஒரு மாலைப் பொழுது அவர் அருகில் அமர்ந்து, நிலையங்களைத் தேடிப் பதித்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று அவர் விரலைப் பிடித்துப் பழக்குங்கள். பெட்டியின் விலையை அவர் மறந்துவிடுவார். அந்த மாலையை மறக்கமாட்டார்.