பிள்ளையின் கவிதையை எப்படி வாசிப்பது?

மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் சிலர், பள்ளி நோட்டு ஒன்றை மேசைமேல் வைப்பதுண்டு. ஆண்டு மலருக்காகப் பிள்ளை எழுதிய கவிதை அதில் இருக்கும். இருட்டு, தனிமை, மரணம் ஆகியவற்றைப் பற்றிய வரிகளைக் கண்டு ஆசிரியர் அழைத்துக் காட்டியிருப்பார். "வீட்டில் என்ன குறை வைத்தோம், டாக்டர்?" என்பதே அவர்களது முதல் கேள்வி.

துயரக் கவிதை எழுதுவது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. பெற்றோர்மீது சுமத்தும் குற்றச்சாட்டும் அன்று. வளரிளம் பருவத்தில் உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் முந்தி முதிர்கின்றன. அவற்றை நெறிப்படுத்தும் முன்மூளை முதிர்வதற்கு இருபது வயதும் கடந்துவிடுகிறது. நேராகச் சொல்ல நாவெழாத வேதனையை உவமையில் ஏற்றும்போது, பிள்ளை அதைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். தம்மை உலுக்கிய நிகழ்வையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய நாள்களில் மனம் கனத்துப் போயினர்; ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. பிந்தைய ஆய்வுகளில் இப்பயன் சிறிதாகவே காணப்பட்டது. ஆகவே எழுத்து நல்ல துணை. சிகிச்சைக்கு மாற்று அன்று.

கவிதையோடு பிள்ளையையும் கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு அல்லது எரிச்சல், உறக்கத்திலும் பசியிலும் மாற்றம், நண்பர்களிடமிருந்து விலகல், கையில் கீறல் காயங்கள், விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், விடைபெறுவது போன்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் தாமதியாது மருத்துவரை அணுகுங்கள்.

நோட்டை ஒளிந்து படிப்பதும், உறவினரிடம் காட்டுவதும், எழுத்துப் பிழை திருத்துவதும் பிள்ளையின் வாயை அடைத்துவிடும். "இதை எழுதியபோது உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு, அறிவுரை கூறாமல் காத்திருங்கள். ஐயம் இருப்பின், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்றே கேளுங்கள். அவ்வாறு கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் பிள்ளைக்கு அது ஆறுதலையே தருகிறது.

'ஆம்' என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வைத்துவிட்டு, அன்றைக்கே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

கவிதை எழுதிய பிள்ளை, தன் மனக்கதவைச் சிறிதளவேனும் திறந்து வைத்திருக்கிறது. அதை அதட்டி மூடிவிடாமல், அருகே சென்று அமருங்கள்.